மூன்றாவது தோட்டா

பேங்க் வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்தால் ஜனங்களுக்கு ஒரே கேள்விதான் வரும். "இது சுடுமா சார்?" பென்ஷன் வாங்க வருகிற வாத்தியார் கேட்பார். நகைக்கடனுக்கு வந்து காத்திருக்கும் பெண்கள் தங்களுக்குள் கிசுகிசுத்துவிட்டுக் கேட்பார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து வளைகுடாப் பணம் எடுக்க வருகிறவர்கள் பாதி உலகத்தைப் பார்த்தவர்கள், அவர்களும் அதையேதான் கேட்பார்கள். நல்ல நாளாக இருந்தால் "சுடும்" என்பேன். கோபத்தில் இருந்தால் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காட்டுறேன்" என்பேன். விருத்தாசலத்துக் கிளையில் நான் வேலை பார்த்த வருஷங்களில் ஒரே ஒரு வருஷம் மட்டும் அந்தக் கேள்விக்கு வாய் திறக்கவில்லை. அந்த வருஷம் என் துப்பாக்கி இரண்டு தோட்டா சுடும். மூன்றாவது வராது.

ஊருக்குள் இது மேனேஜருக்கும் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். மேனேஜருக்கு அது அலமாரியில் இருக்கும் ஒரு ஃபைல். எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி இல்லை. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். மூன்றாம் வருஷத்தில் கல்யாணம். அதற்கப்புறம் என் மனைவியோடு இருந்ததெல்லாம் லீவில் வந்த நாட்கள்தான். ஒவ்வொரு லீவு முடியும்போதும் விருத்தாசலம் ஜங்ஷனில் டிரங்குப் பெட்டியோடு நான் ரயில் ஏறுவேன். அவள் பிளாட்பாரத்தில் நிற்பாள். அழமாட்டாள், பேசவும் மாட்டாள். ரயில் நகர்ந்த பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருப்பாள். அது எனக்குக் கோபமாகவே இருக்கும். கடைசி வரைக்கும் நின்று கையாட்டினால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பேன். நான் போவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் திரும்பிக்கொள்கிறாள் என்பது எனக்கு உறைப்பதற்கே ஐந்தாறு லீவு ஆனது.

பட்டாளத்தில் துப்பாக்கி துடைக்கிற துணிக்குச் சிந்தி என்று பெயர். ஸ்டோரில் கொடுப்பார்கள். விறைப்பாக, அட்டை மாதிரி இருக்கும். நான் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அவளுடைய பழைய நூல் புடவையில் இரண்டு முழம் கிழித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வேன். நல்ல மெத்தென்ற துணி, நூல் பிரியாது, எண்ணெயைக் குடிக்கும். காரணம் கேட்டவர்களிடம் அதைத்தான் சொன்னேன். உண்மைக் காரணம் அது இல்லை. வெயிலில் காய்ந்த சோப்பு வாசனையும் லேசான அடுப்புப் புகை வாசனையும் அந்தத் துணியில் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் எண்ணெய் வாடை ஏறி அது போய்விடும். அதுவரைக்கும் அந்தத் துணிதான் எனக்கு வீடு. கூட இருந்த பஞ்சாபிக்காரர்கள் அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக ஊருக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "இனிமே அந்தப் பொட்டியத் தூக்கிக்கினு கெளம்பினீங்க, நான் டேசனுக்கு வரமாட்டேன்."

"இனிமே எங்கயும் போவமாட்டேன்" என்றேன். சத்தியமாகவே சொன்னேன்.

வந்ததும் வேலை கிடைத்துவிடவில்லை. ஒன்றரை வருஷம் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிற பட்டாளத்துக்காரனைப் போல வீட்டுக்கு இம்சை வேறு கிடையாது. அந்த இம்சை தாங்காமலோ, பென்ஷன் போதாமலோ, அவள் பீங்கான் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். எங்கள் தெருவிலேயே ஏழெட்டுப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைகள் காய்ந்து வரும். அவற்றின் ஓரப் பிசிறைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அது அவள் வேலை. சாயங்காலம் வரும்போது தலை, புருவம், கண் இமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். "என்னா, பவுடர் டப்பாவுல வுழுந்துட்டியா?" என்று கேட்பேன். தினமும் கேட்பேன். அவளும் தினமும் சிரிப்பாள். இப்போது அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

பிறகு எனக்கு பேங்க் வேலை கிடைத்தது. ஆரம்பத்தில் கொடுத்தது இரட்டைக்குழல் துப்பாக்கி. அதை நடுவில் மடக்கி, கையாலேயே இரண்டு தோட்டாவைச் சொருகி மூட வேண்டும். அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. இரண்டாயிரத்துக்கு அப்புறம் பழையதை வாங்கிக்கொண்டு பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி கொடுத்தார்கள். குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் இருக்கும். அதற்குள் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி அடுக்க வேண்டும். உள்ளே ஒரு நீள ஸ்பிரிங் அவற்றைப் பின்னால் நெட்டிக்கொண்டே இருக்கும். முன்பிடியை இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெறுங்கூடு வெளியே விழும், குழாயிலிருந்து அடுத்தது வந்து ஒரு சின்னத் தட்டில் உட்காரும். முன்னால் தள்ளினால் தட்டு மேலே ஏறித் தோட்டா குழலுக்குள் போகும். இழு, தள்ளு, அவ்வளவுதான். அந்த 'ஷக் ஷக்' சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால் ஐந்து வயது குறைந்த மாதிரி இருக்கும் எனக்கு.

வருஷத்துக்கு ஒரு தடவை, தை மாதத்தில், எங்களைப் போன்ற காவலர்களையெல்லாம் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போலீஸ் சுடுதளத்துக்குப் போவார்கள். பெண்ணாடத்துக் கிளைக்காரர் ஏறுவார், வேப்பூர்க்காரர் ஏறுவார். எல்லோரும் பழைய பட்டாளம். போகிற வழியெல்லாம் கிண்டலும் கேலியும்தான். ஆளுக்கு ஐந்து தோட்டா சுட வேண்டும். பேங்கின் பாதுகாப்பு அதிகாரி, அவரும் பழைய ராணுவ கேப்டன், பக்கத்தில் நின்று குறித்துக்கொள்வார்.

அந்த வருஷம் முதல் இரண்டும் இலக்கில் பட்டது. மூன்றாவதற்கு இழுத்தேன், தள்ளினேன், விசையை அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வேறொன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தேன். தட்டு காலியாக இருந்தது. தோட்டா குழாய்க்குள்ளேயே பாதி வழியில் நின்றுபோயிருந்தது. பெண்ணாடத்துக்காரர் சிரித்தது எனக்குக் கேட்டது.

"பட்டாளத்துல என்ன, சமையல் செக்‌ஷனா?" என்றார் அதிகாரி. காது இரண்டும் சுட்டது எனக்கு. பிறகு தனியாகக் கூப்பிட்டு, நிதானமாகவே சொன்னார். துப்பாக்கியைப் பராமரிப்பது காவலன் பொறுப்பு. இந்த வருஷம் எச்சரிக்கையோடு விடுகிறேன். அடுத்த வருஷமும் இப்படி ஆனால் இந்தக் கிளைக்கு வேறு ஆள். உங்களைச் சென்னைக்குப் பணம் ஏற்றிப்போகும் வண்டியில் போடுவார்கள். அங்கே காவலர்களுக்குத் தங்குமிடம் உண்டு, குடும்பத்துக்கு இடமில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். மறைத்துப் பழக்கமில்லை. மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது கட்டிலுக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டியைக் காணவில்லை. எங்கே என்றால் பரணைக் காட்டினாள். தனி ஆளாக எப்படி அதை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றினாளோ தெரியவில்லை. அதற்கப்புறம் அந்தத் துப்பாக்கியைச் சரிசெய்வது ஒன்றுதான் எனக்கு வேலை.

முதலில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். முன்பிடியைக் கடைசி வரைக்கும் இழுக்காமல் பாதியில் தள்ளிவிட்டால் தோட்டா வராது. அவசரக்காரர்கள் செய்கிற தப்பு அது. நான் அவசரக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் துப்பாக்கி ஏது? விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று இழுப்பதும் தள்ளுவதுமாகப் பழகினேன். தினமும் காலையில் நூறு தடவை. தெருவில் போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள். "வெளக்குமாத்தக் குடுங்க, வாசல் கூட்டணும்" என்று அவள் வந்து பிடுங்கிக்கொண்டு போவாள்.

கை சரியாக இருந்தது. அடுத்து தோட்டா. பெல்ட்டில் சொருகியபடியே வருஷக்கணக்காகக் கிடந்த தோட்டாக்கள், வியர்வையும் ஈரமும் பட்டுப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. மேல் கூடு லேசாக ஊதியும் இருந்தது. ஆகா, அகப்பட்டுக்கொண்டான் திருடன் என்று நினைத்தேன். மேனேஜரிடம் நச்சரித்துப் புதுத் தோட்டாவுக்கு எழுதி வாங்கினேன். வந்தது. அதற்குள் கடைசல் பட்டறையில் மரத்தில் ஐந்து பொய்த் தோட்டாவும் கடைந்து வைத்திருந்தேன், அச்சு அசல் அதே அளவில். சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் வாடிக்கையாளர்கள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நிஜத் தோட்டாக்களைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, பொய்த் தோட்டாவை நிரப்பி இழுத்து இழுத்துப் பார்ப்பேன். ஒன்று வரும். இரண்டு வரும். மூன்றாவது நின்றுவிடும்.

பிறகு ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டேன். ஐந்தும் உள்ளே இருக்கும்போது ஸ்பிரிங் நன்றாக அமுங்கி இருக்கும், வேகமாக நெட்டும். இரண்டு போன பிறகு வேகம் குறையும். அதனால்தான் மூன்றாவதில் தகராறு. புது ஸ்பிரிங் கேட்டு மண்டல ஆபீசுக்கு எழுதினோம். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. நான் ரிட்டயர் ஆகும்போதும் அது பரிசீலனையில்தான் இருந்தது.

இதற்கிடையில் ஒரு விஷயம் என்னைக் குழப்பியது. ஒவ்வொரு தடவையும் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டினால் அன்றைக்கு ஐந்தும் ஒழுங்காக வரும். மறுநாளும் வரும். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் பழையபடி நின்றுவிடும். அதனால் இன்னும் அதிகமாகத் துடைத்தேன். வாரத்துக்கு ஒரு தடவை துடைத்தவன் மூன்று தடவை துடைக்க ஆரம்பித்தேன். தையல் மெஷின் எண்ணெய் பாட்டில் பாட்டிலாகக் காலியானது. துடைக்கத் துடைக்க நோய் முற்றியது. ஐந்து நாள் ஓடிக்கொண்டிருந்தது மூன்று நாளாகக் குறைந்தது, பிறகு இரண்டு நாள்கூட ஓடவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், தோட்டா போடும் வாயின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். சுரண்டினால் சந்தனம். எனக்கு உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. எங்கள் கிளையில் ஆயுத பூஜைக்குக் கேஷியர் அம்மாதான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். இரும்புப் பெட்டிக்கு, நோட்டு எண்ணும் மெஷினுக்கு, கம்ப்யூட்டருக்கு, என் துப்பாக்கிக்கு. நான் நேராகக் கேஷ் கவுன்டருக்குப் போனேன். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. உங்களால்தான் என் துப்பாக்கி கெட்டது, உங்களால்தான் நான் ஊரை விட்டுப் போகப் போகிறேன் என்று கத்தினேன். ஊருக்குத் தெரியாமல் கட்டிக்காத்த ரகசியத்தை நானே என் வாயால் போட்டு உடைத்தேன்.

அந்த அம்மா எண்ணிக்கொண்டிருந்த கட்டைக் கீழே வைத்தார். "மிலிட்டரி, ஒங்க துப்பாக்கிக்கு மட்டுமா பொட்டு வச்சேன்? கம்ப்யூட்டருக்குந்தான் வச்சேன். அது ஓடிக்கிட்டுதான இருக்குது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் தினமும் காலையில் எனக்கு வைக்கிற வணக்கத்தை அவர் நிறுத்திக்கொண்டார். சந்தனத்தைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டுச் சோதித்தேன். மூன்றாவது தோட்டா வரவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை எனக்கு. என் குணம் அப்படி.

மார்கழி வந்துவிட்டது. சோதனைக்கு இன்னும் மூன்று வாரம். ஒரு சனிக்கிழமை மதியம் கம்பெனியில் அவளுக்கு அரை ஷிஃப்டு. வீட்டுக்குப் போகாமல் நேராகக் கிளைக்கே வந்துவிட்டாள். ஹோட்டலில் இரண்டு பொட்டலம் சாப்பாடு வாங்கி வந்திருந்தாள். பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்து, நான் தரையில் பரப்பிவைத்திருந்த செய்தித்தாளுக்கு எதிரே உட்கார்ந்தாள். தாளின் மேல் ஸ்பிரிங் கிடந்தது, குழாயின் மூடி கிடந்தது. நான் குச்சியில் துணியைச் சுற்றிக் குழாய்க்குள் விட்டுக் கடைந்துகொண்டிருந்தேன்.

"சாப்ட்டுட்டுச் செய்யிங்களேன்."

"கம்முனு இரு. சோறா முக்கியம் இப்ப?"

துணியை வெளியே இழுத்தேன். அதன் நுனியில் சாம்பலும் வெள்ளையுமாகப் பசை போல ஒன்று அப்பியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் வரும். அழுக்கு, எண்ணெய் என்று நினைத்து வழித்துப் போட்டுவிடுவேன். அவள் கை நீட்டி அந்தத் துணியை வாங்கினாள். பசையில் கொஞ்சத்தை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அரிசி வாங்கும்போது பார்ப்பாளே, அந்த முகத்தோடு.

"என்னாங்க, இது எங்க மண்ணு."

"எந்த மண்ணு?"

"கம்பெனி மண்ணுங்க. பொம்ம செய்யிற மண்ணு. தெனமும் கையில தேய்க்கிறேன், எனக்குத் தெரியாதா? எண்ண பட்டுப் பசபசன்னு ஆயிருக்குது, அவ்ளோதான். அச்சுல எண்ணக் கையி பட்டா மண்ணு இப்பிடித்தான் புடிச்சிக்கும், பொம்ம அச்ச வுட்டு வராது. சேந்த புதுசுல தலைக்கு எண்ண தேச்ச கையோட அச்சத் தொட்டுட்டு எம்மாம் திட்டு வாங்கினேன்."

"துப்பாக்கிக்குள்ள கம்பெனி மண்ணு எப்பிடி வரும்? பேசாம இரு" என்று சொல்லிக்கொண்டே துணியைப் பிடுங்கினேன். பிடுங்கும்போதுதான் அதைப் பார்த்தேன். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி. அவளுடைய சுங்குடிப் புடவை. கம்பெனிக்கு இரண்டு வருஷம் கட்டிப் பழசானதும் நான் வாங்கிக் கிழித்துவைத்துக்கொண்டது. பட்டாளத்துப் பழக்கம் விடவில்லை எனக்கு. பேங்கில் சேர்ந்த பிறகும் அவள் புடவையால்தான் துடைத்தேன்.

அவள் என் பையிலிருந்த, அதே புடவையின் இன்னொரு கிழிசலை எடுத்தாள். எண்ணெய் படாத, துவைத்து மடித்த துணி. அதை உதறி என் காக்கிக் கால்சட்டையின் முழங்காலில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். வெள்ளையாக ஒரு தடம் விழுந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் விழுந்தது. ஷட்டருக்கு அடியில் வந்த வெயிலில் தூசி மெதுவாக ஏறிப் போனதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவ்வளவுதான் விஷயம். என் கை இல்லை, தோட்டா இல்லை, ஸ்பிரிங் இல்லை, கேஷியர் அம்மாவின் சந்தனம் இல்லை. நானே வாரத்துக்கு மூன்று தடவை குழாய்க்குள் மண்ணைக் கொண்டுபோய்ப் பூசி, அதன் மேல் எண்ணெயும் ஊற்றியிருக்கிறேன். எண்ணெய் ஈரமாக இருக்கிறவரை தோட்டா வழுக்கிக்கொண்டு வரும். இறுகியதும் நின்றுவிடும். ஒரு வருஷமாக ஊரெல்லாம் திருடனைத் தேடியவன் கடைசியில் கண்ணாடியைப் பார்த்தேன்.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வெளக்குமாறு, கேஷியர் அம்மா, மண்டல ஆபீஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. "தொவச்சி மடிச்ச பொடவயிலயே இம்மாம் மண்ணு இருக்குது பாருங்க" என்று சொல்லி மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. இருமினாள், இருமிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி இருமினாள்.

அந்த இருமல் எனக்குப் புதிது இல்லை. வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி, தெருவில் பஸ் போகிற மாதிரி, அது பாட்டுக்கு இருந்துகொண்டிருந்த சத்தம்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு அது கேட்டது. துவைத்துக் காயப்போட்ட புடவையிலேயே இவ்வளவு இருந்தால், அதைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து தேய்த்தவளுக்குள்ளே எவ்வளவு இருக்கும்? பட்டாளத்தில் குண்டு பக்கத்தில் விழுந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

"எத்தினி நாளா இருமுற?"

"அது கெடக்குது. மூணு வருசம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

குற்றம் சொல்கிற மாதிரி அவள் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

திங்கட்கிழமை காலையில் நான் கிளம்பும்போது அவள் ஒரு துணியைக் கையில் கொடுத்தாள். அரக்கு நிறம், மடிப்பு கலையாதது. கடைசி லீவில் வரும்போது நான் வடக்கே வாங்கி வந்து கொடுத்த நூல் புடவை அது. விசேஷத்துக்கு என்று சொல்லிச் சொல்லிக் கட்டாமலே வைத்திருந்தாள். அதில் இரண்டு முழம் கிழித்திருந்தாள். நான் கத்தினேன். புதுப் புடவையை எவளாவது கிழிப்பாளா என்று கத்தினேன்.

"கிழிச்சாச்சி. கத்துனா ஒட்டிக்காது. இது கம்பெனிப் பக்கமே போவாத பொடவ. இதுல தொடைங்க."

குழாயை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, உலர்த்தி, அந்தத் துணியால் துடைத்தேன். எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. பொய்த் தோட்டா ஐந்தும் வந்தன. அடுத்த சனிக்கிழமையும் வந்தன. அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தன.

தை மாதம் வேன் வந்தது. பெண்ணாடத்துக்காரர், "இந்த வருசம் ரெண்டோட நிறுத்திக்கிறீங்களா, இல்ல மூணாவது உண்டா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். சுடுதளத்தில் அதே அதிகாரி, அதே நோட்டு. முதல் தோட்டா. இரண்டாவது. மூன்றாவதற்கு முன்பிடியைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். தள்ளினேன். உள்ளே தோட்டா போய் உட்கார்ந்த அந்தச் சத்தம் கேட்டது. சுடுவதற்கு முன்னாலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் மூன்றாவது இலக்கில் படவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் பட்டன. அதிகாரி குறித்துக்கொண்டு, "ஸ்பிரிங் மாத்திட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் காலையில் கேஷ் கவுன்டருக்குப் போய், முந்தின தடவை மாதிரியே வரிசையில் ஆட்கள் நிற்கும்போது, "மேடம், தப்பு என் மேலதான்" என்றேன். அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டர்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க, மிலிட்டரி" என்றார். அடுத்த ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியை நானே அவர் முன்னால் நீட்டிப் பிடித்தேன். பெரிய பொட்டாகவே வைத்தார்.

மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "வேலய வுட்டுட்டு வூட்ல குந்திக்கினு ஒங்க மூஞ்சியப் பாக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எங்கே வேலை என்று கேட்டார். சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை. உள்ளே சேர்ந்தது சேர்ந்ததுதான், இனி மேலே சேராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த மாதத்தோடு அவள் வேலையை விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. நான் ரிட்டயர் ஆகும்போது துப்பாக்கியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். அரக்குத் துணியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது அதில் வெறும் எண்ணெய் வாடைதான். அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது. விளக்குமாறு, ஷட்டருக்கு அடியில் வந்த வெயில், அவள் சிரித்த சிரிப்பு, எல்லாமே. ஊரை விட்டுப் போகக் கூடாது என்று அப்படிப் போராடினேன். ஆனால் பதினேழு வருஷம் தூரத்தில் இருந்தவன் பக்கத்தில் வந்த பிறகும் தூரத்திலேயேதான் இருந்திருக்கிறேன் என்பது அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது. குழாயை ஒரு மதியத்தில் துடைத்துவிட்டேன். அவள் நெஞ்சுக்குள் போக எந்தத் துணியாலும் முடியாது.

அவள் இப்போதும் இருமுகிறாள். பனிக் காலத்தில் அதிகமாக இருக்கும். காலையில் டீயைக் கொண்டுவந்து வைக்கும்போது, "இன்னிக்கி எப்பிடி இருக்குது?" என்று கேட்பேன்.

"தெனமும் கேக்குறீங்க. அலுக்கலியா ஒங்களுக்கு?" என்பாள்.

அலுக்கவில்லை. நாளைக்கும் கேட்பேன்.